நான்கெல்லையில் ஒரு வாய்க்கால்

வீட்டுக்கடனுக்கு லீகல் ஒப்பீனியன் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. தாம்பரம் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. கட்டுக் கட்டாக ஜெராக்ஸ் வரும். மூலப்பத்திரத்திலிருந்து கடைசிக் கிரையம் வரை தொடர்ச்சி விட்டுப்போகாமல் இருக்கிறதா, வாரிசுகளில் பெண்பிள்ளை யாராவது கையெழுத்துப் போடாமல் விடுபட்டிருக்கிறாரா, பவர் கொடுத்தவர் கிரையத் தேதியில் உயிரோடு இருந்தாரா, 30 வருட வில்லங்கத்தில் தீராத அடமானம் உண்டா என்று பார்ப்பேன். ஈசி எனும் வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரம்தான் வரும். பதியாத உயிலும், கோர்ட்டில் கிடக்கும் பாகப்பிரிவினை வழக்கும் பெரும்பாலும் தெரியாது. 'ஈசி கிளியர் சார்' என்று வருபவர்களிடம் இதை இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

2013இல் முடிச்சூர் பக்கம் அரை கிரவுண்டு மனை ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தேன். பட்டா, வில்லங்கம், லே-அவுட் அப்ரூவல் எல்லாம் கச்சிதம். வாங்கியவர் வீடும் கட்டிவிட்டார். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை தாண்டியது. அவர் வீட்டில் ஜன்னல் விளிம்பு வரை தண்ணீர்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். சண்டை போட இல்லை. ஒரிஜினல் வங்கியில் இருந்ததால் தப்பியது, வீட்டிலிருந்த ஜெராக்ஸ் கூழாகிவிட்டது, இன்னொரு செட் வேண்டும் என்றார். பழைய ஃபைலை எடுத்துப் புரட்டினேன்.

1962ஆம் வருடப் பத்திரத்தின் நான்கெல்லையில், அதாவது இடத்தின் நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுதும் பகுதியில், 'ஏரிப் பாசன வாய்க்காலுக்கு மேற்கு' என்று இருந்தது. 1984 பத்திரத்தில் அதே எல்லை 'வண்டிப்பாதைக்கு மேற்கு'. மனை போட்ட பிறகு '20 அடி ரோட்டுக்கு மேற்கு'. மூன்றையும் நான் படித்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். யாருக்கு உரிமை என்று மட்டும் தேடியதால் கண் அதில் நிற்கவே இல்லை. 'தண்ணி எந்தப் பக்கமா வந்துச்சு?' என்று கேட்டேன். 'ரோட்டுப் பக்கம்தான் சார்' என்றார்.

அதற்கப்புறம் எந்த ஃபைல் வந்தாலும் ஆகப் பழைய பத்திரத்தின் நான்கெல்லையைத்தான் முதலில் படிக்கிறேன். அடுத்து எஃப்.எம்.பி., அதாவது நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் புலப்படம். அப்புறம் எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று சொல்லும் கிராமக் கணக்கான 'அ' பதிவேடு; நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தையதும் சேர்த்து. அதைத் தாலுகா ஆபீசில் வாங்குவதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும். இருந்தாலும் விடுவதில்லை. பழைய பதிவேட்டில் ஏரி, ஓடை என்று இருந்துவிட்டால், இன்றைய பட்டாவை நம்பிப் பணம் கொடுப்பது ஆபத்து. முடிச்சூர்க்காரருக்கு அந்தச் சிக்கல் இல்லை. சட்டப்படி அவர் மனை சுத்தம், இன்றைக்கும்.

வாங்குபவரை மழை நாளில் போய் இடத்தைப் பார்க்கச் சொல்கிறேன். காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில், காலி மனையில் கோரை முளைத்திருக்கிறதா, அக்கம்பக்கத்துப் பழைய வீடுகளுக்கு எத்தனை படி என்று பார்க்க வேண்டும். டீக்கடையில் பேச்சுக் கொடுத்தால் மீதி தெரிந்துவிடும். ஊர்ப்பெயரில் 'தாங்கல்' இருந்தால் இரண்டு மடங்கு விசாரிக்கலாம். தாங்கல் என்றாலே ஏரிதான். போர்வெல் தண்ணீரைச் சோதிக்கக் கொடுப்பதும் நல்லது; தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் கலந்திருக்கலாம். குரோம்பேட்டைக்குப் பெயரே தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான்.

'பேங்க்ல இதெல்லாம் கேட்கலையே சார்' என்று புரோக்கர்கள் முகம் சுளிப்பார்கள். கேட்கவில்லைதான். இதையெல்லாம் தனித்தாளில் எழுதி வாங்குபவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அதைப் படித்துவிட்டு அட்வான்ஸே போனாலும் போகட்டும் என்று விலகியவர்கள் உண்டு. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே பத்திர ஆபீசுக்குப் போனவர்களும் உண்டு.

முடிச்சூர்க்காரர் இப்போது வீட்டை ஜாக்கி வைத்து நாலடி தூக்கிவிட்டார். கடன் இன்னும் ஓடுகிறது. அதற்குப் பிறகு வந்த மழையில் வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லையாம். தெருவில் மட்டும் இடுப்பளவு.