முதலில் கூரை, அப்புறம் பீடம்

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலைப் புதுப்பிக்கும் வேலை ஒருவழியாக முடிந்து, போன ஞாயிறு மறுபடி கோயிலுக்குள்ளேயே திருப்பலி நடந்தது. புதுப்பிப்புக் குழுவில் நானும் ஒருவன் என்பதால் மற்றப் பங்குகளில் இருக்கும் நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: பணம் எப்படிச் சேர்த்தீர்கள்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் பணத்துக்கு முன்னால் கூரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பீடத்துக்கு இடப்பக்கச் சுவரில் பல வருடங்களாக ஓதம். பெயின்ட் அடிப்போம், ஒரு வருடம் தாங்கும், அடுத்த வருடம் உப்புப் பூத்து உரிந்து விழும், மறுபடி அடிப்போம். இந்த முறை குழு கூடியபோதும் பேச்செல்லாம் பளிங்குப் பீடம், புதுத் தரை, பெரிய சுரூபம் (புனிதர் சிலை) என்றுதான் போனது. பங்கைச் சேர்ந்த ஒரு கட்டடப் பொறியாளர் மட்டும் கடைசிவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் எல்லாரும் பாடகர் மாடத்துக்கு வாங்க, டார்ச் இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றார்.

மாடத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதன் வழியாகக் குனிந்து போனால் கூரையின் உட்புறம். இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. உத்தரம் சுவரில் உட்காரும் இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன், மரம் விரலோடு பொடியாக வந்தது. மழைநீர் இறங்கும் குழாயின் வாயைச் சருகும் பறவைக் கூடும் அடைத்திருந்தன, தண்ணீர் போக வழியில்லாமல் சுவருக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. கீழே வந்தால் இன்னொரு விஷயம். சுண்ணாம்பில் கட்டிய அந்தச் சுவருக்கு முன்பு எப்போதோ நடந்த ஒரு மராமத்தில் சிமென்ட் பூசிவிட்டார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கினாலும் மெல்ல வெளியே விட்டுவிடும். சிமென்ட் அப்படி விடாது, ஈரம் உள்ளேயே நின்று உப்பைக் கரைத்துக்கொண்டு எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அங்கே தள்ளும். அந்தக் காலத்தில் நல்லது என்று நம்பித்தான் செய்திருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

சரி, பணம். பீடத்துக்கு என்றால் கொடுப்பதற்கு ஆள் இருந்தது. சுரூபத்துக்கும் இருந்தது. மழைநீர்க் குழாய்க்கு யார் கொடுப்பார்கள்? பீடத்துக்கு வரும் பணத்தை வாங்கிக் கூரைக்குப் போட்டுவிடலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அது முடியாது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1267-ஆவது சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக மக்கள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டும்தான் செலவிடலாம். பங்குத்தந்தை அதை வாசித்துக் காட்டியதும் கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. அப்படியானால் கூரைக்கென்றே கேட்க வேண்டும், வேறு வழி இல்லை.

கேட்பதற்கு நாங்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான், எல்லாரையும் மேலே கூட்டிக்கொண்டு போனோம். ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலி முடிந்ததும் பத்துப் பத்துப் பேராக, டார்ச்சும் கையுமாக. ஏற முடியாத பெரியவர்களுக்குப் படம் எடுத்துத் திரையில் காட்டினோம். நாம் மண்டியிட்டு வேண்டும் இடத்துக்கு நேர் மேலே மரம் உளுத்துக் கிடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு யாருக்கும் பிரசங்கம் வைக்கத் தேவைப்படவில்லை. "அந்த மூணாவது உத்தரம் எங்க வீட்டுக் கணக்கு" என்று ஒரு குடும்பம் வந்து சொன்னது, அப்புறம் நான்காவது, ஐந்தாவது. சுண்ணாம்பு மூட்டைகளை மறைக்கல்விப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள், வயரிங் வேலையைப் பங்கிலேயே இருக்கும் இரண்டு எலக்ட்ரீஷியன்கள் கூலி வாங்காமல் செய்தார்கள்.

கணக்கை வாராவாரம் கதவருகே ஒட்டினோம், ஆணி வாங்கிய ரசீது உட்பட. மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அதே தொகுப்பில் 1287-ஆவது சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சட்டம் சொல்கிறது என்பதற்காக ஒட்டவில்லை, ஒட்டிய முதல் வாரமே அதன் பலனைப் பார்த்துவிட்டோம். அதுவரை ஒதுங்கியே இருந்த ஒருவர் அந்தத் தாளின் முன் வெகு நேரம் நின்று படித்துவிட்டு, சாரம் கட்டும் செலவு எவ்வளவு மீதி என்று என்னிடம் கேட்டார்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு குடும்பம் பளிங்குப் பீடத்தின் முழுச் செலவையும் தருவதாகச் சொன்னது, அதில் தங்கள் பெயரைப் பொறிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இருக்கிற கல் பீடம் நன்றாகவே இருக்கிறது, அதில் எத்தனையோ தலைமுறை திருப்பலி கண்டிருக்கிறது. குழு பணிவாக மறுத்துவிட்டது. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், சான் தமியானோ கோயிலைச் செப்பனிடத் தன் அப்பா கடைத் துணியையும் குதிரையையும் விற்றுப் பணம் கொண்டுவந்தபோது, அந்தக் கோயில் குருவானவரே அதை வாங்க மறுத்துவிட்டாராம். அப்புறம் பிரான்சிஸ் தெருத் தெருவாகக் கல் கேட்டு வாங்கித் தன் கையாலேயே கட்டினார். மறுக்க வேண்டிய பணமும் உண்டு என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் அந்தக் குடும்பம் இப்போது எங்களோடு அவ்வளவாகப் பேசுவதில்லை, அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

வேற்று மதத்து அக்கம்பக்கத்தவர்கள் உதவ வந்தபோது வாங்கலாமா என்று சிலர் தயங்கினார்கள். ரோமில் புனித பவுல் பேராலயம் 1823-இல் கூரை மராமத்து நடந்தபோது தீப்பிடித்து எரிந்தது. அதைத் திரும்பக் கட்ட உலகமெங்கும் வேண்டுகோள் போனபோது, கத்தோலிக்கரல்லாத ரஷ்யப் பேரரசர் பச்சை மாலக்கைட் கல் அனுப்பினார், எகிப்தின் இஸ்லாமிய ஆட்சியாளர் அலபாஸ்டர் கல் தூண்கள் அனுப்பினார். இதைச் சொன்னதும் தயக்கம் போய்விட்டது. அதே சம்பவத்திலிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொண்டோம்: கூரையில் நெருப்புப் படும் வேலை எதுவானாலும் மதியத்தோடு நிறுத்திவிட்டு, இருட்டும் வரை இளைஞர்கள் முறை வைத்து மேலே காவல் இருந்தார்கள். பாரிஸ் நோத்ருதாம் 2019-இல் எரிந்ததை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள்தான், அதனால் யாரும் அலுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு மிகப் பிடித்த பகுதி பீடத்தின் பின்சுவர். அங்கே ஒரு காலத்தில் நீலத்தில் நட்சத்திரங்கள் வரைந்திருந்தது என்று வயதானவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், ஆனால் இப்போது இருப்பதோ வெறும் வெள்ளை. பழைய கல்யாண ஆல்பங்களைக் கொண்டுவாருங்கள் என்று அறிவித்தோம். குவிந்துவிட்டது! மணமக்கள் எல்லாரும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுதானே படம் எடுத்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படங்களில் வடிவம் கிடைத்தது, சுவரைக் கத்தி முனையால் அடுக்கடுக்காகச் சுரண்டியபோது ஏழாவது பூச்சுக்கு அடியில் நிறம் கிடைத்தது. நட்சத்திரத்துக்கு ஆறு முனை என்று ஓவியர் வரைந்து காட்டினார். ஒரு பாட்டி பார்த்துவிட்டு, "ஆறு இல்லப்பா, எட்டு. நான் கோயில் பெருக்கும்போது எண்ணியிருக்கேன்" என்றார். ஆல்பத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். எட்டுதான்.

பழைய மாதா சுரூபத்தையும் அதோடு சேர்த்து ஒரே நாளில் பெயின்ட் அடித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. பழமையும் பக்தியும் உள்ள சுரூபங்களை ஆயரகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சீரமைக்கக் கூடாது. அனுமதி வாங்கினோம், அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்தோம், காத்திருந்தோம். காத்திருந்தது நல்லதாகப் போயிற்று, முகத்தில் இருந்த மெல்லிய புன்னகை அழுக்கைத் துடைத்த பிறகுதான் தெரிந்தது.

இடப்பக்கச் சுவருக்கு மட்டும் இன்னும் நிறம் அடிக்கவில்லை. சிமென்டை உரித்துச் சுண்ணாம்பு பூசியாயிற்று, ஆனால் இத்தனை வருட ஈரம் வெளியேறக் காலம் பிடிக்கும், அவசரப்பட்டு அடிக்க வேண்டாம் என்கிறார் பொறியாளர். நேற்று இரவு நல்ல மழை. இன்று காலைத் திருப்பலிக்கு வந்த பாதிப் பேர் முதலில் அந்தச் சுவரிடம்தான் போனார்கள், உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தங்கள் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். நானும் வைத்துப் பார்த்தேன். மேல்பாதி காய்ந்திருக்கிறது, அடியில் இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி.