சவன்னாவை உடைத்துவிடாதீர்கள்

உலகின் முதல் அணுசக்தி வணிகக் கப்பல் 'சவன்னா'. 1959-ல் அமெரிக்காவின் கேம்டனில் இதற்குப் பெயர் சூட்டியவர், அதிபர் ஐசன்ஹோவரின் மனைவி மேமி. கூரிய வெள்ளை முகப்பு, பக்கவாட்டில் அணுச் சின்னம், பயணிகளுக்கு நீச்சல் குளம்... சரக்குக் கப்பல் என்றால் யார் நம்புவார்கள்? புகைபோக்கிகூடக் கிடையாது! ஆனால் அந்த அழகே சரக்கு ஏற்றும் இடத்தைத் தின்றது. செலவு கட்டுப்படியாகவில்லை, 1970களின் தொடக்கத்திலேயே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். எரிபொருளையும் அப்போதே இறக்கியாயிற்று. பால்டிமோர் துறைமுகத்தில் அணு உலையின் கலனைத் தூக்கி வெளியே எடுத்தது 2022 நவம்பரில்தான். அதற்காகக் கப்பலைச் சிதைக்கவில்லை என்பதில் எனக்கு அத்தனை நிம்மதி. 1991 முதல் தேசிய வரலாற்றுச் சின்னம் அது. பழைய இரும்பு விலைக்குப் போகவே கூடாது. மக்கள் ஏறிப் பார்க்கும் அருங்காட்சியகமாக வேண்டும்.