சும்மா இடத்தை அடைப்பதுதானா?

"மேடம், கொழுப்பு ஏறுனதால ரத்த அணுக்கள் குறைஞ்சுதா, அணுக்கள் குறைஞ்சதால கொழுப்பு ஏறுச்சா?"

முதலாண்டு முதுநிலை மாணவி எலும்பு மஜ்ஜை ஸ்லைடிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "கொழுப்பு சும்மா இடத்தை அடைக்கும்மா. அதை விடு, அணுக்களைப் பாரு" என்றேன். ரிப்போர்ட்டும் போய்விட்டது. அந்தப் பதில் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

பதிலில் நியாயம் இல்லாமலில்லை. மஜ்ஜையில் ரத்த அணுக்கள் எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: நூறிலிருந்து வயதைக் கழித்தால் வருவது. நாற்பது வயதுக்காரருக்கு 60 வர வேண்டும். அந்த ஸ்லைடில் 15 கூட வரவில்லை. மற்றதெல்லாம் வெள்ளை வட்டங்கள், நடுநடுவே லிம்ஃபோசைட்டுகள், பிளாஸ்மா செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் சில. இது ஏப்ளாஸ்டிக் அனீமியா, மஜ்ஜையில் ரத்த உற்பத்தி அற்றுப்போகும் நோய். பெரும்பாலும் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்களே, ரத்த அணுக்களுக்கெல்லாம் மூலமான ஸ்டெம் செல்களை அழிப்பதால் வருவது. ஏடிஜி, சைக்ளோஸ்போரின் என்ற மருந்துகளைக் கொடுத்து டி செல்களை அடக்கினால், பலருக்கு அணுக்கள் திரும்ப வரும், கொழுப்பு தானாக விலகும். கொழுப்புக்கென்று யாரும் மருந்து கொடுப்பதில்லை. ஆக, நான் சொன்னது சரிதான்.

ஆனால் அந்த வெள்ளை வட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை கொழுப்பணுக்கள் இருந்த இடம், அவ்வளவுதான். ஊசியால் எடுத்த மஜ்ஜைத் துண்டைப் பாரஃபின் மெழுகில் பதிக்கும் முன் ஆல்கஹாலிலும் சைலீன் என்ற கரைப்பானிலும் போடும்போதே உள்ளிருக்கும் கொழுப்பு கரைந்து போகிறது. நாங்கள் தினமும் பார்ப்பது ஓட்டைகளை. ஓட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒன்றும் செய்யாத இடமாகத்தான் தெரியும்.

2009இல் வந்த எலி ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது. எலியின் வால் முதுகெலும்பில் கொழுப்பு மிகுதி, மார்பு முதுகெலும்பில் இல்லை. ஸ்டெம் செல்களும் ரத்த முன்னோடிச் செல்களும் வாலில்தான் குறைவு. கதிர்வீச்சு கொடுத்து மஜ்ஜை மாற்றியபோது, கொழுப்பணுவே உருவாகாத எலிகளில் மஜ்ஜை சீக்கிரம் தேறியது. கொழுப்பணு உருவாவதைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோதும் அப்படியே. அப்படியென்றால் கொழுப்பு தடுக்கிறது.

2017இல் வந்த ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. கதிர்வீச்சுக்குப் பின் மஜ்ஜையில் பெருகும் கொழுப்பணுக்களே ஸ்டெம் செல் ஃபேக்டர் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதை நிறுத்தினால் ஸ்டெம் செல்கள் மீள்வது தடைபடுகிறது. கொழுப்பணு இல்லாத எலிகளின் நீள எலும்புகளில் ரத்த உற்பத்தி தாமதமாகவே மீண்டது. வாலில் அப்படியில்லை, அங்கே கொழுப்பு ரத்தக்குழாய் வளர்வதைத்தான் தடுத்தது. ஒரே அணு, ஓர் எலும்பில் தாங்குகிறது, இன்னொன்றில் தடுக்கிறது. சும்மா இருப்பதாக இரண்டு ஆய்வுமே சொல்லவில்லை.

பட்டினியும் கணக்கைக் குழப்புகிறது. சாப்பாட்டையே ஒதுக்கி மெலியும் அனோரெக்ஸியா நோயில் உடம்புக் கொழுப்பெல்லாம் கரையும்போது மஜ்ஜைக் கொழுப்பு கூடுகிறது. மெலிவு முற்றினால் அதுவும் சுருங்கி, இளஞ்சிவப்பான, குறுமணலாகத் தெரியும் கூழ் அந்த இடத்தில் படிகிறது. ஆல்சியன் புளூ என்ற சாயம் போட்டால் நீலமாகத் தெரியும். "கொழுப்பை விடு" என்று பழகியவர்கள் இதைத் தவறவிடுவார்கள். எனக்குப் பயமே இதுதான்.

இன்னொன்று. துண்டு ஒன்றரை சென்டிமீட்டராவது வேண்டும். அன்று வந்தது அதில் பாதிதான், ஒரு முனையில் எலும்பின் கெட்டியான வெளிப்புறமான புறணியோடு. புறணியை ஒட்டிய இரண்டு மூன்று மஜ்ஜை அறைகளில் இயல்பாகவே கொழுப்பு கூடுதல், வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். அவற்றைத் தள்ளிவிட்டுத்தான் கணக்கிட்டேன். தள்ளிய பின் மீந்தது கொஞ்சம்தான். அதை வைத்து 15-க்கும் கீழே என்று உறுதியாக எழுதியிருக்கலாமா? நோயாளியின் ரத்த எண்ணிக்கைகள் ஒத்துப்போயின என்பதே எனக்கிருந்த தைரியம்.

கொழுப்பு ஒரே வகையுமல்ல. கால் நுனி எலும்புகளில் சிறு வயதிலேயே குடியேறி நிலைத்துவிடுவது ஒன்று. சிவப்பு மஜ்ஜைக்கு நடுவே சிதறி, நிலைமைக்கேற்ப ஏறி இறங்குவது மற்றொன்று. எங்கள் ஊசி நுழையும் இடுப்பெலும்பில் இருப்பது இரண்டாவது. அப்படியானால் அன்று ஸ்லைடில் தெரிந்த கொழுப்பு, மிச்சமிருந்த ஸ்டெம் செல்களைத் தாங்கிக்கொண்டிருந்ததா, அழுத்திக்கொண்டிருந்ததா? மாணவி கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். சைலீனில் கரைந்துபோன பிறகு அந்த ஓட்டைகளிடம் கேட்க வழியில்லை.