மையத்துக்கு உரிமம் உண்டு, ஆலோசகருக்கு?

மறுவாழ்வு மையத்துக்கு ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் கட்டில்களை எண்ணுவார்கள். அப்புறம் கழிப்பறை, சமையலறை, தீயணைப்புக் கருவி, சிசிடிவி, மருந்து ரெஜிஸ்டர், மனநல மருத்துவர் வந்து கையெழுத்துப் போட்ட தேதிகள். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். கடைசியாக, "கவுன்சிலர் யாரு?" என்று கேட்பார்கள். நான் எழுந்து நிற்பேன். ஃபைலில் இருந்து எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) சான்றிதழின் நகலை எடுத்துக் காட்டுவோம். "சரி" என்று ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குடிநோயாளியிடம் நான் என்ன பேசுகிறேன், அதை யாரிடம் கற்றேன், என் வேலையை யார் மேற்பார்வை பார்க்கிறார் என்று, நான் வேலை பார்த்த எந்த மையத்திலும் யாரும் கேட்டதில்லை.

சட்டத்தில் மையத்தைப் பற்றி நிறையவே இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மது, போதைப்பொருள் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மனநிலைப் பாதிப்புகளையும் அது மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. அதனால் குடிநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம்; திரும்பத் திரும்பச் செய்தால் 5 லட்சம் வரை போகும். மூன்று ஆண்டுக்கு ஒரு தணிக்கை உண்டு. நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுத வேண்டிய நிலையில்தான் பல இடங்கள் இருந்தன.

அதே சட்டம் மனநல வல்லுநர் யார் யார் என்றும் சொல்கிறது. மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர், ஆயுஷ் முறைகளில் மனநலம் படித்த முதுகலையாளர். இதில் சமூகப் பணியாளர் என்றால் எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது, அதற்கு மேல் மேற்பார்வையோடு கூடிய இரண்டு வருட எம்.ஃபில். வேண்டும். போதை மீட்பு ஆலோசகர் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வருவார், மருந்து எழுதுவார், போய்விடுவார். மீதி நேரமெல்லாம் நோயாளியோடும், அவர் மனைவியோடும், அம்மாவோடும் உட்கார்ந்திருப்பவர் ஆலோசகர். சிகிச்சையின் பெரும்பகுதி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பதிவேடே இல்லை.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. டாக்டர் மீது புகார் என்றால் மருத்துவ கவுன்சில் இருக்கிறது. வக்கீல் மீது என்றால் பார் கவுன்சில். மையத்தின் மீது புகார் என்றால் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். ஆலோசகர் ஒருவர் நோயாளியின் ரகசியத்தை வெளியே சொல்லிவிட்டார் என்றோ, நோயாளியின் மனைவியிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்றோ வைத்துக்கொள்ளுங்கள். மையம் அவரை நிறுத்திவிடும். அடுத்த மாதம் பக்கத்து மாவட்டத்தில் வேறொரு மையத்தில் அதே வேலையில் இருப்பார். பெயரை நீக்குவதற்கு முதலில் பெயர் எங்காவது பதிவாகியிருக்க வேண்டும் அல்லவா?

ரகசியம் என்று சொன்னேன். இதை வெளியில் இருப்பவர்கள் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். ஒரு நூற்பாலையில் இருந்து மேலாளர் போன் செய்வார். "நம்ம ஆளு அங்கதான இருக்கான் மேடம்? எப்படி இருக்கான், திரும்ப வேலைக்கு எடுத்துக்கலாமா?" அக்கறையோடுதான் கேட்பார். "அவரையே உங்ககிட்ட பேசச் சொல்றேன் சார், அவர் சம்மதம் இல்லாம நான் எதுவும் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிடுவேன். அவருக்குக் கோபம் வரும். இதே கேள்விக்கு, "இது ரெண்டாவது அட்மிஷன் சார், கொஞ்சம் யோசிச்சுக்குங்க" என்று பக்கத்து மேஜையில் ஒருவர் பதில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். நல்ல மனிதர், உதவி செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு குடும்பத்தின் வருமானம் போயிருக்கும். ரகசியம் காப்பது நோயாளியின் உரிமை என்று சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. அது அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்கிறதா என்று சோதித்துவிட்டு அவரை அந்த மேஜையில் உட்காரவைத்தவர் யாரும் இல்லை.

அடுத்தது, "வண்டி அனுப்புங்க" என்று வரும் போன். வீட்டில் அடி, உதை, தாங்க முடியாமல்தான் மனைவியோ அண்ணனோ கூப்பிடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் நான்கு பேர் போய் ஆளை அமுக்கி வண்டியில் ஏற்றி வந்து, கையெழுத்து வாங்கி உள்ளே போடுவதைச் சட்டம் ஏற்கவில்லை. தானாக வருகிறவருக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரை அவருடைய பிரதிநிதி விண்ணப்பித்துச் சேர்க்க இன்னொரு வழி. அதற்கு இரண்டு வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், அதுவும் முதலில் 30 நாள் வரைதான். இதைக் குடும்பத்துக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியவர் போன் எடுக்கும் ஆலோசகர். அவருக்கே இது சொல்லித்தரப்படவில்லை என்றால் வண்டி கிளம்பிவிடும்.

சரி, அப்படியானால் பட்டம் பெற்றவர்களை மட்டும் வேலைக்கு வைக்கலாமே என்று தோன்றும். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணம், நான் ஆரம்பத்தில் வேலை பார்த்த மையத்தில் இருந்த ஒரு அண்ணன். ஒரு காலத்தில் அவரே குடிநோயாளி. குடியை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. சேர்ந்து மூன்றாவது நாள் ஆன ஒரு நோயாளி, ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து போர்வையில் இருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் வியர்வை. "தேனி பஸ் எப்ப கிளம்பும்?" என்று கேட்டார். தூக்கக் கலக்கம் என்றுதான் வார்டில் இருந்த புதுப் பையன் நினைத்தான். அவன் முதுகலை முடித்தவன். அண்ணன் ஓடி வந்தார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், "தம்பி, எறும்பு பொறுக்குறாரு, இது இங்க வச்சுப் பார்க்கற கேஸ் இல்ல, ஆம்புலன்ஸுக்குச் சொல்லு" என்றார்.

குடியைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் சிலருக்கு வரும் குழப்ப நிலை அது. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், இடம் காலம் தெரியாது, உடம்பு கொதிக்கும், வலிப்பும் வரலாம். மருத்துவம் இல்லாமல் விட்டால் உயிர் போகும். அன்றைக்கு அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்தார். அண்ணனை எந்தச் சட்டப்படி ஆலோசகர் என்று ஏற்பது? எந்தச் சட்டப்படி கூடாது என்று வெளியே அனுப்புவது? மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் உதவியில் நடக்கும் மையங்களில் மீண்டு வந்தவர்களுக்கென்றே சக வழிகாட்டி என்று ஒரு பணியிடம் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கிருந்து மேலே ஏற அவர்களுக்குப் படிக்கட்டு இல்லை.

அண்ணனிடமும் ஒரு குறை இருந்தது. தான் மீண்ட வழி ஒன்றுதான் வழி என்று நம்பினார். திரும்பக் குடித்துவிட்டு வருகிறவரை, "உனக்கு மனசு வரல" என்று திட்டுவார். இந்த நோயில் திரும்பக் குடிப்பது அடிக்கடி நடக்கும், அது சிகிச்சையை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதற்கான அறிகுறி என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. ஆசையைக் குறைக்கும் மாத்திரைகள் மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அனுபவத்துக்குப் படிப்பு தேவைப்பட்டது, அந்தப் புதுப் பையனின் படிப்புக்கு அனுபவம் தேவைப்பட்டது. இரண்டையும் ஒன்றாக உட்காரவைப்பது மேற்பார்வைதான்.

எனக்கு அது கொஞ்ச காலம் கிடைத்தது. அங்கே மூத்த ஆலோசகர் ஒரு அம்மா வாரம் ஒரு நாள் எங்கள் கேஸ் ஷீட்டுகளை எடுத்துக்கொண்டு உட்காருவார். "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று நான் எழுதியிருப்பேன். "அவர் என்ன சொன்னாருன்னு சொல்லும்மா, நீ என்ன நினைச்சேன்னு சொல்லாதே" என்பார். யோசித்துப் பார்த்தால் அந்த நோயாளி, "எனக்கு இங்க தூக்கம் வரல" என்று மட்டும்தான் சொல்லியிருப்பார். அதை நான் ஒத்துழையாமை ஆக்கியிருப்பேன். புத்தகத்தில் ஊக்கமூட்டும் நேர்காணல் பற்றி எத்தனையோ பக்கம் படித்திருந்தேன். எதிரில் இருப்பவர் வாயில் இருந்தே மாற்றத்துக்கான காரணம் வர வேண்டும் என்பது அந்த அம்மா கேட்ட கேள்விகளில்தான் எனக்குப் புரிந்தது. அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த வாரக் கூட்டம் நின்றுவிட்டது. அதை நடத்த வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தாததால், நின்றது யாருக்கும் தெரியவும் இல்லை.

அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. டெக்சாஸில் போதை மீட்பு ஆலோசகருக்கென்றே தனி உரிமம் உண்டு. பொதுவான வழியில் போகிறவர் 270 மணி நேரம் வகுப்பு, 300 மணி நேரம் களப்பயிற்சி, அப்புறம் மேற்பார்வையின் கீழ் 4,000 மணி நேரம் வேலை, எல்லாம் முடித்துத் தேர்வும் எழுத வேண்டும். முதுகலை இல்லாதவரும் நுழையலாம். இரண்டு வருடக் கல்லூரிப் பட்டத்தில் தொடங்கலாம். அந்த 4,000 என்ற எண்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. முழுநேர வேலையில் கிட்டத்தட்ட இரண்டு வருடம், உங்கள் வேலைக்கு இன்னொருவர் பொறுப்பேற்று நிற்கிறார். நம் பக்கத்தில், ஆசிய-பசிபிக் நாடுகளின் கூட்டமைப்பான கொழும்புத் திட்டம் ஒரு பாடத்திட்டமும் ஐகேப் என்ற தகுதித் தேர்வும் நடத்துகிறது. பாடம் தரமானது. ஆனால் அது தகுதிச் சான்றுதான், உரிமம் ஆகாது. அதை வைத்திருப்பவருக்கும் வைத்திராதவருக்கும் மையத்தில் ஒரே நாற்காலி, பெரும்பாலும் ஒரே சம்பளம்.

2021இல் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தபோது நாங்கள் ஆவலோடு படித்தோம். மாநிலந்தோறும் ஒரு கவுன்சில், பதிவேடு, பெயரை நீக்கும் அதிகாரம், எல்லாம் அதில் இருக்கிறது. நடத்தை நல அறிவியல் என்ற பிரிவில் எச்.ஐ.வி. ஆலோசகர், குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசகர், மனநல ஆதரவுப் பணியாளர் என்று பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். போதை மீட்பு ஆலோசகர் என்று தனியாக இல்லை. ஏதாவது ஒரு பொதுப் பெயருக்குள் நாங்களும் அடங்கலாம். ஆனால் அந்தச் சட்டம் தொடக்கத் தகுதியாகக் கேட்பது 2,000 மணி நேரத்துக்குக் குறையாத, இரண்டு முதல் நான்கு ஆண்டு வரையிலான படிப்பு. சுகாதாரத் தொழில்முறையாளர் என்றால் 3,600 மணி நேரம். அண்ணன் போன்றவர் நாற்பத்தைந்து வயதில், வாங்கும் சம்பளத்தில், எந்தக் கல்லூரியில் போய் உட்காருவார்?

எனக்கு வேண்டியது ஒரே பதிவேடு, அதற்குள் நுழைய இரண்டு வாசல். ஒன்று பட்டத்தின் வழியாக, இன்னொன்று மீண்டு வந்த அனுபவத்தின் வழியாக. எந்த வாசலில் வந்தாலும் மேற்பார்வையில் வேலை செய்த மணி நேரம் கட்டாயம். வார இறுதியில் டிப்ளமோ விற்கிறவர்களுக்கு மட்டும் வாசல் வேண்டாம். பணம் கட்டினால் சில நாளில் ‘போதை மீட்பு ஆலோசகர்’ என்று சான்றிதழ் தருகிற விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு கட்டிலில் எறும்பு பொறுக்குபவர் எதிரில் அந்தச் சான்றிதழோடு ஒருவர் நிற்பதை நினைத்துப் பயப்படுகிறேன்.

செலவைக் காரணம் சொல்வார்கள், ஆள் பற்றாக்குறையையும் சொல்வார்கள். பற்றாக்குறை உண்மை. எய்ம்ஸ் 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சைக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர். 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் குடிநோய் சிகிச்சைக்கான டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கியபோது குடியை நோய் என்று சொல்வதே புதிதாக இருந்தது. இன்றைக்கு அதை ஊர் ஓரளவு ஒப்புக்கொண்டுவிட்டது. ஆட்கள் குறைவு என்பதற்காக நோய்க்கு யாரை வேண்டுமானாலும் உட்காரவைக்க முடியாது. அப்படி உட்காரவைத்த இடத்தில் அவமானப்பட்டுத் திரும்பிய ஒருவர், மறுபடி எந்த மையத்துக்கும் வர மறுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சட்டம் திருந்தும்வரை, வீட்டில் ஒருவரைச் சேர்க்க நினைப்பவர்கள் கேட்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றை நேரில் காட்டச் சொல்லுங்கள். அது தற்காலிகப் பதிவா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். மனநல மருத்துவர் எந்தெந்தக் கிழமை வருகிறார், ராத்திரி நிலைமை மோசமானால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள் என்று கேளுங்கள். ஆலோசகர் எங்கே பயிற்சி பெற்றார், அவர் வேலையை யார் பார்வையிடுகிறார் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். நல்ல ஆலோசகர் அந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார். சேர்த்த பிறகு உங்கள் வீட்டு ஆளைப் பார்க்கவோ போனில் பேசவோ விட மாட்டோம் என்று சொன்னால் அங்கே சேர்க்க வேண்டாம். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 14446 என்ற இலவச எண்ணில் போதை மீட்புக்கும், 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் மனநலத்துக்கும் அழைத்துப் பேசலாம்.