பிஎஸ்5-ஆ பிசியா: அக்கா வீட்டில் போட்ட கணக்கு

ப்ளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு அக்கா மகன் போன் செய்தான். "மாமா, பிஎஸ்5 கேட்டா அம்மா திட்டுறாங்க, கேமிங் பிசி கேட்டா அப்பா திட்டுறாரு, நீங்க எதைச் சொல்றீங்களோ அதை அடம்பிடிச்சு வாங்கிக்கிறேன்" என்றான். இது 2023 கோடையில். என்னிடம் இருப்பது பிஎஸ்5, அதாவது டிவியில் சொருகி கேம் ஆடுகிற சோனியின் கன்சோல், அதனால் எந்தப் பக்கம் பேசுவேன் என்று அவனுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் போய் நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். டிஸ்க் போடுகிற பிஎஸ்5 அப்போது 54,990. நான் 2021இல் வாங்கியபோது 49,990தான். நாளாக ஆக கன்சோல் விலை இறங்கும் என்று பார்த்து வளர்ந்தவன் நான், 2022 நவம்பரில் ஐயாயிரம் ஏற்றியது இன்னும் ஜீரணமாகவில்லை.

பிசிக்கு, சென்னையில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் விலை கேட்டு வைத்திருந்தேன். ரைசன் 5 5600 பிராசஸர் 12,500, மதர்போர்டு 9,000, 16 ஜிபி ரேம் 4,000, கேம்களைச் சேமித்து வைக்க 1 டிபி எஸ்எஸ்டி 4,500, கேம் காட்சிகளை உருவாக்கும் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு 21,000, எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் கேபினெட்டும் சேர்த்து 7,500. கூட்டினால் 58,500, இன்னும் மானிட்டரே வரவில்லை. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்ந்ததும் 72,000. இத்தனைக்கும் அந்தக் கார்டு பிஎஸ்5க்கு ஒரு படி கீழேதான். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், டிவியில் சொருகினால் ஆடலாம் என்கிற பெட்டி ஜெயித்துவிட்டது மாதிரிதான் இருந்தது.

ஆனால் அந்தப் பெட்டி மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கன்சோல் கம்பெனிக்குப் பெட்டியில் பெரிய லாபம் கிடையாது, அதன் கடையில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் கிட்டத்தட்ட 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும். சோனியின் சொந்த கேம் புதிதாக வந்தால் அப்போது 4,999. காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் நண்பர்களோடு ஆட வேண்டுமானால் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா தனி. பிசியில் அந்தச் சந்தாவே கிடையாது. ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் தள்ளுபடி வரும்வரை காத்திருந்தால் பழைய கேம்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். எபிக் என்கிற இன்னொரு ஆன்லைன் கடைக்காரர்கள் வாராவாரம் ஒன்றாவது இலவசமாகக் கொடுப்பார்கள், 2020 மே மாதம் ஜிடிஏ 5ஐயே சும்மா கொடுத்து, வந்த கூட்டத்தில் அவர்கள் தளமே படுத்துவிட்டது.

கன்சோல் பக்கத்தில் நான் விட்டுக்கொடுக்காத ஒரு விஷயம் டிஸ்க். 4,999க்கு வாங்கி, மூன்று வாரத்தில் முடித்து, 3,500க்கு விற்றிருக்கிறேன். அந்த கேம் எனக்கு 1,499தானே? பிசியில் வாங்குகிற கேமை விற்கவே முடியாது, அது சாகும்வரை உங்கள் கணக்கிலேயே கிடக்கும். அப்போது பத்தாயிரம் குறைகிறதே என்று டிஸ்க் இல்லாத பிஎஸ்5ஐ வாங்கியவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருந்தது.

கணக்கைத் திருப்பிப் போட்டது அக்காதான். "காலேஜுக்கு எப்படியும் கம்ப்யூட்டர் வாங்கணும்ல, அதை ஏன்டா இதுல சேர்க்கிற?" என்றாள். சரிதானே. கேமிங் இல்லாமல் சாதாரணமாக அசெம்பிள் செய்தாலே நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகிவிடும். அப்படியென்றால் கேமிங்குக்கு என்று கூடுதலாகப் போவது முப்பதாயிரம்தான், அதை 54,990க்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கு மேல் நான் பிஎஸ்5க்காகப் பேசவில்லை. லேப்டாப் வாங்கலாமே என்றார் அக்கா வீட்டுக்காரர். அதே பெயரில் வரும் கிராபிக்ஸ் சிப்பானாலும் லேப்டாப்பில் வேகம் குறைவு, சூடு அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கடைசியில் பிசிதான் என்று முடிவானது. வாங்கும்போது ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன், எஸ்எம்பிஎஸ். பல வருடங்களுக்கு முன் ஒரு கடைக்காரர் கேபினெட்டோடு சேர்த்துக் கொடுத்த பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி, ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் 'டப்' என்ற சத்தத்தோடு மதர்போர்டையும் சேர்த்து இழந்தவன் நான். அன்றைக்கு மிச்சம் பிடித்தது ஆயிரத்து ஐநூறு ரூபாய்.

எல்லாம் வாங்கி மாட்டி இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது. பையன் ராத்திரி பகலாக ஆடுவது வாலரண்ட் என்கிற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம். அது இலவசம், கிராபிக்ஸ் கார்டே இல்லாத கம்ப்யூட்டரில்கூட ஓடும். அந்த 21,000 ரூபாய் கார்டுக்கு உண்மையாக வேலை கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போய்விட்டு சாயங்காலம் வரை எழுந்திருக்காத நான் மட்டும்தான். அக்கா இன்னும் கவனிக்கவில்லை.