பீப் சத்தத்துக்குப் பிறகு: என் முதல் பிராக்டிகல் பிஸ்டல் போட்டி

நான்கு வருடமாகப் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். அதில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் கொடுப்பார்கள். ஒரு கையை நீட்டி, மூச்சை அடக்கி, 11.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பத்துப் புள்ளி வட்டத்தைத் தேட வேண்டும். மனதுக்குச் சரியாகப் படவில்லையென்றால் கையை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அந்தப் பழக்கத்தோடுதான், இடம் மாறி ஓடிக்கொண்டே பல இலக்குகளை நேரக் கணக்கோடு சுடும் பிராக்டிகல் பிஸ்டல் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். குறி பார்க்கத் தெரியும், மற்றது தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். போட்டிக்கு முன் கட்டாயமாக முடிக்க வேண்டிய பாதுகாப்புப் பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே அந்த நினைப்பு போய்விட்டது.

அந்த வகுப்பில் காலை முழுக்க ஒரு தோட்டா கூடக் கையில் தரவில்லை. காலித் துப்பாக்கியை இடுப்பு உறையிலிருந்து எடு, நீட்டு, திருப்பி வை. எடு, நீட்டு, வை. பயிற்சியாளர் என் இலக்கைப் பார்க்கவே இல்லை. என் ஆள்காட்டி விரலையும் துப்பாக்கி முனை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சுடும் நொடி தவிர மற்ற நேரமெல்லாம் விரல் ட்ரிக்கரைச் சுற்றியுள்ள வளையமான ட்ரிக்கர் கார்டுக்கு வெளியே, துப்பாக்கியின் பக்கவாட்டில் நீண்டு இருக்க வேண்டும். நடக்கும்போது, தோட்டா அடுக்கிய பெட்டியான மேகசினை மாற்றும்போது, சிக்கிக்கொண்ட தோட்டாவை வெளியே எடுக்கும்போது, எப்போதும். முனை எதிரே உள்ள மண்மேட்டை நோக்கியே இருக்க வேண்டும். இடமோ வலமோ மேலோ 90 டிகிரியைத் தாண்டினால் தகுதி நீக்கம். துப்பாக்கி கை நழுவி விழுந்தாலும் தகுதி நீக்கம். விழுந்ததை நாம் குனிந்து எடுக்கவும் கூடாது, சுடுபவரைக் கண்காணிக்கும் அதிகாரிதான் எடுப்பார். தகுதி நீக்கம் என்றால் அந்தச் சுற்று மட்டும் போவதில்லை, அன்றைய போட்டியே முடிந்தது.

இந்த விளையாட்டின் விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பு ஐபிஎஸ்சி, அதாவது சர்வதேச பிராக்டிகல் ஷூட்டிங் கூட்டமைப்பு. 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், கொலம்பியா நகரில் தொடங்கப்பட்டது. முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். 'டிலிஜென்ஷியா, விஸ், செலரிடாஸ்' என்ற லத்தீன் சொற்கள்தான் அதன் குறிக்கோள்: துல்லியம், வலு, வேகம். மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள் என்பதுதான் இதன் அழகு. ஏர் பிஸ்டலில் முதலாவது மட்டும் போதும்.

சாமான்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரிக்கரை முழுக்க மூடும் உறை, தளராத பெல்ட், நான்கு மேகசின்கள், கண்ணாடி, காதுக்கவசம். இவ்வளவு போதும். புரொடக்‌ஷன் பிரிவில் சேர்ந்தேன். கடையில் வாங்கியபடியே இருக்கும் 9 எம்எம் துப்பாக்கிக்கு ஏற்ற பிரிவு அது. தொடக்கத்தில் ஒரு மேகசினில் 15 தோட்டாதான் போடலாம். முதல் முறை வருகிறவர்கள் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

போட்டி நாளில் அரங்கத்துக்குள் எல்லார் இடுப்பிலும் துப்பாக்கி, ஒன்றிலும் தோட்டா இல்லை. அதிகாரி சொன்ன பிறகுதான் தோட்டா போடலாம். உறையைச் சரிசெய்யவோ துப்பாக்கியைத் துடைக்கவோ தனியாக ஒரு மேஜை இருக்கிறது. அங்கே தோட்டாவைக் கையில் தொடவே கூடாது, டம்மித் தோட்டாவுக்கும் அதே தடைதான். இவ்வளவு துப்பாக்கிகளுக்கு நடுவே நின்றும் எனக்கு ஒரு கணம்கூடப் பயம் வரவில்லை. காரணம் இந்த ஒழுங்குதான்.

ஒவ்வொரு ஸ்டேஜுக்கும், அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் சில நிமிடம் உள்ளே நடந்து பார்க்க விடுவார்கள். பெரியவர்கள் எல்லாரும் வெறுங்கையைத் துப்பாக்கி போல நீட்டிக்கொண்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டு, தடுப்புகளுக்கு நடுவே போய் வருவதை முதல் முறை பார்த்தபோது எனக்குப் புரியவில்லை. எங்கள் குழுவில் பல வருட அனுபவமுள்ள ஓர் அம்மா இருந்தார். அவர்தான் விளக்கினார்: "தம்பி, இலக்கை எண்ணாதீங்க, நிக்கிற இடத்தை எண்ணுங்க. இங்கிருந்து எது தெரியும், அங்கிருந்து எது தெரியும், நடுவுல எங்க மேகசின் மாத்தணும். பீப் அடிச்ச பிறகு யோசிக்க நேரம் இருக்காது." அவர் சொன்னபடி கண்ணை மூடி அந்தப் பாதையை நான்கு தடவை மனதுக்குள் ஓட்டினேன்.

முதல் ஸ்டேஜ் சின்னது. ஆறு அட்டை இலக்குகள், ஒவ்வொன்றிலும் இரண்டு குண்டு. அதிகாரி பின்னால் வந்து நின்று, "லோட் அண்ட் மேக் ரெடி" என்றார். இந்தக் கட்டளைகள் ஆங்கிலத்தில்தான். மேகசினைச் செருகி, தோட்டாவை உள்ளே ஏற்றும் ஸ்லைடை இழுத்துவிட்டு, உறையில் வைத்தேன். "ஆர் யூ ரெடி?" தலையசைத்தேன். "ஸ்டாண்ட் பை." அதற்குப் பிறகு ஒன்றிலிருந்து நான்கு நொடிக்குள் டைமர் ஒலிக்கும், எப்போது என்று தெரியாது. அந்த இடைவெளியில் என் இதயத் துடிப்பு காதுக்கவசத்துக்குள் கேட்டது.

பீப்.

துப்பாக்கி எப்படி வெளியே வந்தது என்று நினைவில்லை. முதல் இலக்கில், குறி பார்க்கும் முன் சைட் நிதானமாக நிற்கும்வரை காத்திருந்தேன், பழைய பழக்கம். இரண்டு குண்டு. அடுத்தது. மறுபடி காத்திருந்தேன். முடித்ததும், "இஃப் யூ ஆர் ஃபினிஷ்ட், அன்லோட் அண்ட் ஷோ கிளியர்." மேகசினை எடுத்து, சேம்பரில், அதாவது சுடத் தயாராக உள்ளே இருந்த தோட்டாவை வெளியேற்றி, காலியைக் காட்டி, மண்மேட்டை நோக்கி ட்ரிக்கரை ஒருமுறை அழுத்தி, உறையில் வைத்தேன். "ரேஞ்ச் இஸ் கிளியர்" என்று அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் முன்னே வந்தார்கள்.

16 நொடி. பத்து குண்டு அட்டையின் நடுவிலுள்ள ஏ பகுதியில், இரண்டு அதைச் சுற்றியுள்ள சி பகுதியில். ஏவுக்கு 5 புள்ளி, எங்கள் பிரிவில் சிக்கு 3, வெளி ஓரத்திலுள்ள டிக்கு 1. ஆக 60க்கு 56. அன்று அந்த ஸ்டேஜில் அதைவிட நல்ல குறி அதிகம் பேருக்கு இல்லை, எனக்குப் பெருமையாக இருந்தது. எனக்குப் பின் சுட்டவர் ஆறு ஏ, ஐந்து சி, ஒரு டி என்று 46 புள்ளிதான் எடுத்தார். ஆனால் 9.2 நொடியில் முடித்துவிட்டார். புள்ளியை நொடியால் வகுப்பதுதான் இங்கே கணக்கு, அதற்கு ஹிட் ஃபேக்டர் என்று பெயர். அவருக்கு 5.0, எனக்கு 3.5. ஸ்டேஜை வென்றவர் அவர்தான், எனவே முழு 60 அவருக்கு. எனக்கு அதில் 70 சதவீதம், 42. அட்டையில் நல்ல குறி, பட்டியலில் குறைந்த எண். நான்கு வருடம் பழகிய என் கணக்கு அன்றோடு மாறியது.

சரி, அடுத்ததில் வேகம் காட்டலாம் என்று முடிவெடுத்தேன். இரண்டாவது 24 குண்டு ஸ்டேஜ்: பத்து அட்டை, நான்கு இரும்புப் பாப்பர். பாப்பரை விழத் தட்டினால்தான் புள்ளி. இரும்பில் குண்டு பட்டு எழும் அந்த ஓசை தனி சந்தோஷம். ஆனால் அது விழுவதை நின்று பார்த்தால் நொடிகள் போய்விடும். ஒரு அட்டையின் பாதியை நோ-ஷூட் மறைத்திருந்தது, அதாவது சுடக்கூடாத வெள்ளை அட்டை. அவசரத்தில் இரண்டாவது குண்டு அதில் போய்ப் பதிந்தது. அதற்குத் தண்டம் 10, உண்மையான இலக்கில் குண்டு இல்லாததற்கு இன்னொரு 10, கிடைத்திருக்க வேண்டிய 5 போச்சு. ஒரே குண்டில் 25 புள்ளி.

அதைவிட முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் ஓடிக்கொண்டே மேகசின் மாற்ற வேண்டும். நான் வலக்கைக்காரன். புது மேகசினைச் செருகும்போது துப்பாக்கி தானாக இடப்பக்கம் சாய்கிறது. உடம்பும் இடப்பக்கம் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்தால் முனை எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். "மசில்!" என்று பின்னாலிருந்து குரல், துப்பாக்கி முனையைக் கவனி என்று அர்த்தம். கை அப்படியே மண்மேட்டை நோக்கித் திரும்பியது. 90 டிகிரிக் கோட்டைத் தாண்டவில்லை, ஆனால் நெருங்கிவிட்டேன். முடிந்ததும் அதிகாரி என்னைத் தனியே அழைத்து, என் வலது முழங்கையைப் பிடித்து நெஞ்சுக்கு முன்னால் நிறுத்திக் காட்டினார். "கால் எங்க வேணா ஓடட்டும், இந்த முழங்கை இங்கயே இருக்கட்டும்" என்றார். எனக்கு அன்று கிடைத்த மிகப் பெரிய பாடம் அந்த ஒரு வரி.

அதே ஸ்டேஜில் இன்னொருவர் மேகசின் மாற்றும்போது விரல் ட்ரிக்கரில் இருந்துவிட்டது. ஒரு குண்டு மண்மேட்டுக்குள் போனது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முனை சரியான பக்கம் இருந்ததால்தான் ஆகவில்லை. "ஸ்டாப்!" அவ்வளவுதான், பல வருடமாகச் சுடுகிறவருக்கு அன்றைய போட்டி முடிந்தது. அவர் வாதாடவில்லை. துப்பாக்கியைப் பையில் வைத்துவிட்டு வந்து, சாயங்காலம் வரை எங்களோடு நின்று இலக்கு ஓட்டைகளுக்குக் காகிதம் ஒட்டினார். அந்த மனிதர் மீது எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

கடைசி ஸ்டேஜ் 32 குண்டு, நீளமானது. இதற்கு ஒரு விதி உண்டு: இந்த அளவு ஸ்டேஜில் ஒரே இடத்தில் நின்று ஒன்பதுக்கு மேல் சுடும்படி அமைக்கக் கூடாது. அதனால் ஓட்டம் கட்டாயம். இந்த முறை நான் வேகத்தை நினைக்கவில்லை. அட்டை பக்கத்தில் இருந்தால் சைட் ஓரளவு தெரிந்ததும் இரண்டு குண்டு, தூரத்தில் இருந்தால் மட்டும் காத்திருப்பு. ஏ பகுதி கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர் அகலம். 11.5 மில்லிமீட்டரைத் தேடிய கண்ணுக்கு அது கதவு மாதிரி. இடப்பக்கம் ஓடும்போது முழங்கை மட்டும்தான் மனதில் இருந்தது. தண்டம் ஒன்றும் இல்லை. மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போடும்போது அதிகாரி, "மசில் நல்லா இருந்தது" என்றார். நேரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம் வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, ஓர் அறையின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு நாடா ஒட்டியது. அதுதான் என் 90 டிகிரிக் கோடு. தினமும் தோட்டாக்களையெல்லாம் வேறு அறையில் பூட்டி வைத்துவிட்டு, சேம்பரை இரண்டு முறை பார்த்துவிட்டு, காலி மேகசின்களோடு வலமிருந்து இடமாக நடக்கிறேன். மெதுவாக, இருபது தடவை. முனை நாடாவை நெருங்கினால் அந்தத் தடவையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.