சிவப்பு மாத்திரை

சர்க்கரை இருப்பவர்களுக்கு வாயில் புண் என்றால் ஆன்டிஆக்சிடன்ட் கேப்ஸ்யூல் ஒன்றைச் சீட்டில் சேர்ப்பது பல் டாக்டர்களுக்குக் கைப்பழக்கம். எனக்கும்தான். காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மா "இந்தச் சிவப்பு மாத்திரையிலதான சாமி ஆறுச்சு?" என்று கேட்டபோது "ம்" என்றேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

உடைந்த கடவாய்ப்பல்லின் கூர் உரசி உரசி நாக்கு ஓரத்தில் புண். சுற்றிலும் வெளுத்து, நடுவில் சிவந்த குழி. மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 11, ரொம்பவே அதிகம். சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது (மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்), வாங்கி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார், தலை சுற்றினால்தான் ஒன்று எடுப்பாராம். மாம்பழத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை, சீசனில் யாரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

பல்லின் கூரை மழுக்கினேன். ரெண்டு நிமிஷ வேலை. சர்க்கரை மாத்திரையைத் தினமும் போடச் சொன்னேன். இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் புற்றுநோயா என்று சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், நாக்கு ஓரத்துப் புண்ணை அதற்கு மேல் விடக்கூடாது. அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் அந்த அம்மா எழவில்லை. "மருந்து ஒண்ணும் தரலியா?" என்றார். வெறுங்கையோடு அனுப்பினால் திரும்பி வரமாட்டார், நேராக நாட்டு மருந்துக் கடைக்குப் போவார் என்று தோன்றியது. கேப்ஸ்யூலை எழுதினேன், தீர்ந்ததும் வந்து காட்டணும் என்று சொல்லி. சொன்னபடி வந்தார், புண் ஆறியிருந்தது.

எழுதியதற்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சர்க்கரை ஏறிக் கிடக்கும்போது செல்லுக்குள் ஆக்சிஜன் கழிவுகள் பெருகுகின்றன (அவற்றைத் தணிப்பதுதான் ஆன்டிஆக்சிடன்ட்), வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன, புதிய ரத்தக்குழாய்கள் தாமதமாக முளைக்கின்றன. சர்க்கரை உண்டாக்கிய எலிகளுக்கு ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தால் புண் சீக்கிரம் மூடியதாகப் பல ஆய்வுகள் உண்டு. மனிதர்களில் அவ்வளவு தெளிவு கிடையாது. புண்ணை இணைத்து மூடும் புரதமான கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும், உண்மை, ஆனால் அதற்குக் கொய்யாவோ நெல்லிக்காயோ போதும். தேவைக்கு மேல் கொட்டினால் நல்லது என்றும் இல்லை: 1994இல் பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட்டைக் கொடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்றுநோய் கூடத்தான் செய்தது.

சரி, எதில்தான் ஆறியது? சர்க்கரை குறைந்ததால் என்று சொல்ல எனக்கு ஆசை, எல்லோரிடமும் அதைத்தானே ஓதுகிறேன். ஆனால் இரண்டு வாரத்தில் எவ்வளவு குறைந்திருக்கும்? என்னைக் கேட்டால் முக்கால்வாசி அந்த ரெண்டு நிமிஷ வேலைதான். அது அந்த அம்மாவின் கணக்கிலேயே இல்லை, வலிக்காமல் நடந்ததால் வைத்தியமாகவே தெரியவில்லை போல.

அன்றைக்கே விளக்கியிருக்கலாம்தான். ஆனால் சர்க்கரை மாத்திரையை இப்போது தினமும் போடுகிறார், சிவப்பு மாத்திரை அதோடு சேர்த்துப் போட்டால்தான் கேட்கும் என்று அவரே முடிவு செய்துகொண்டு. அதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. கலைத்தால் இரண்டையும் சேர்த்து விட்டுவிடுவார் என்று பயம், அப்புறம் நான் சொன்னது சரி என்பதால் யாருக்கு என்ன லாபம்?

இப்படி நினைத்துச் சமாதானமாக இருந்தபோதுதான் அவருடைய தங்கை மகன் வந்தார். புகையிலை அடக்குகிறவர், கன்னத்தின் உள்பக்கம் புண். சட்டைப் பையிலிருந்து காலி அட்டையை எடுத்து, "பெரியம்மா குடுத்துச்சு சார், ஒரு மாசமா போடறேன், கேக்கல" என்றார். உடனே சதைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. வேறு மாதிரி வந்திருந்தால் அந்த ஒரு மாதத்தை யார் கணக்கில் எழுதுவது? அந்த மாதம் முழுக்க அவர் என்னிடம் வரவில்லை, நான் அவருக்கு எழுதவும் இல்லை, வாதம் சரிதான். ஆனால் பெரியம்மாவுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்தது யார்?

இப்போதும் எழுதத்தான் செய்கிறேன். சீட்டின் மேலேயே "15 நாளில் ஆறாவிட்டால் கட்டாயம் வரவும், வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்" என்று பெரிதாகத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். மருந்துக் கடையில் சீட்டையா கேட்கிறார்கள், காலி அட்டையை நீட்டினாலே போதும்.